பார்வை என்னும் சொல்

காஞ்சி என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன கோபுரங்களும் பட்டுத் தறிகளுமே. அந்த ஆரவாரத்தினின்று விலகி, நகரின் தென்மேற்கே வேகவதி ஆற்றையொட்டிச் சற்றுத் தொலைவு சென்றால் திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் வரும். சமணக் காஞ்சி என்பது அதற்கு வரலாறு இட்ட பெயர். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயில் பல்லவர் காலத் தொன்மை உடையது. அதன் சங்கீத மண்டபத்தை எழுப்பியவர் விஜயநகர வேந்தர் இரண்டாம் ஹரிஹரரின் அமைச்சராகிய இருகப்பர், காலம் 1387-88. மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளது. ஆங்காங்கே தமிழில் விளக்கமும் உண்டு. காலத்தின் தேய்வும், நன்மை செய்வதாக எண்ணிப் பிற்காலத்தார் பூசிய மறுவண்ணமும் சேர்ந்து பலவற்றை உருமாற்றிவிட்டன. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றால்தான் கதை பிடிபடும்.

அவ்விதானத்தில் இடம்பெற்றோருள் ஒருவர் நேமிநாதர். அவருடைய துறவுக்குச் சமண மரபு ஒரு காரணம் கூறுகிறது. மணக்கோலத்தில் தேரேறிச் செல்கிறார் இளவரசர். வழியில் பட்டியில் அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் காதில் விழுகிறது. எதற்காக இவற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தேர்ப்பாகனைக் கேட்கிறார். ‘தங்கள் திருமண விருந்துக்காக’ என்று விடை வருகிறது. இளவரசர் அவற்றைப் பார்க்கிறார். அவை விடுவிக்கப்படுகின்றன, மணமகன் மணப்பந்தலுக்குச் செல்லவேயில்லை. தேர் வேறு திசையில் திரும்பிவிடுகிறது.

அண்ணாந்து நின்ற அந்த முற்பகலில் நம்மை உறுத்தத் தொடங்கிய வினா இது: ஓர் உயிரை உள்ளபடி பார்த்தவர், பார்த்தபின் என்ன செய்யக் கடமைப்பட்டவர்? நேமிநாதர் பட்டியைத் திறந்துவிட்டார். எல்லாராலும் அது ஆகுமா? பட்டியைத் திறவாமல், அடைபட்ட உயிரின் எதிரே அமர்ந்து, மணிக்கணக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை நாம் என்னவென்று அழைப்பது? அன்பர் என்பதா, அறிஞர் என்பதா, வேடரோடு சேர்த்து எண்ணுவதா?

அப்படி ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்திருக்கிறார். காஞ்சியிலிருந்து கிழக்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், சென்னைக் கடற்கரையில், அன்னிய நாட்டுப் பெண்மணியாக வந்து வாழ்ந்து, அங்கேயே மண்ணோடு மண்ணானவர். எலிசபெத் குவில்லிம் என்பது அவர் பெயர். தமிழ்நாட்டின் பறவைகளை முதன்முதலில் முறையாக நோக்கி வரைந்தோருள் ஒருவராகிய அவரை, இந்நாட்டில் அறிந்தோர் மிகச் சிலரே.

எலிசபெத் 1763-இல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் சைமண்ட்ஸ் கட்டடக் கலைஞர். ஆகவே தாளும் தூரிகையும் பிள்ளைப் பருவம் முதலே அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கணவர் சர் ஹென்றி குவில்லிம், சென்னையில் 1801-இல் புதிதாக நிறுவப்பட்ட உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகளுள் ஒருவராக அமர்த்தப்பட்டபோது, எலிசபெத்தும் அவர் தங்கை மேரி சைமண்ட்சும் உடன் வந்தார்கள். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, அலைமேல் ஏறி இறங்கும் மசூலாப் படகுகளில்தான் எவரும் கரை சேர்ந்தாக வேண்டும். அவர்கள் குடியிருந்த இடம், அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையால் நமக்கெல்லாம் நெஞ்சுக்கு நெருக்கமான சாந்தோம்.

தாய்க்கும் தமக்கை தங்கையர்க்கும் சகோதரிகள் இருவரும் எழுதிய கடிதங்கள் இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் நான்கு தொகுதிகளாகப் பேணப்படுகின்றன. உணவு, துணி, தோட்டம், விழாக்கள், பணியாளரின் பழக்கவழக்கங்கள் என்று கண்ணில் பட்ட எதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. எலிசபெத் தெலுங்கு கற்றார். தமிழ் மண்ணில் இருந்துகொண்டு தமிழைக் கற்கவில்லையே என்று நமக்குச் சிறிது மனத்தாங்கல் உண்டு. அன்றைய சென்னையில் தெலுங்கு பேசுவோர் மிகுதி என்று நினைத்துத் தேற்றிக்கொள்வோம். தாவரவியலைக் கற்பித்தவர் ராட்லர் ஐயர். தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய லூத்தரன் மறைப்பணியாளர். பெரிய தமிழ் அகராதியைத் தொகுத்தவரும் இவரே. தம் மாணவியின் நினைவாக ஒரு செடியின் பேரினத்துக்குக் ‘குவில்லிமியா’ என்று ராட்லர் பெயரிட்டார். மக்னோலியாக்களில் ஒரு பிரிவு இன்றும் அப்பெயரால் வழங்கப்படுகிறது. கல்லூரி வாசல் பெண்களுக்குத் திறவாத காலத்தில், ஒரு பெண்ணின் பெயர் செடிகளின் அட்டவணையில் ஏறியது சிறிய செய்தி அன்று.

எனினும் அவர் தம்மை முழுவதும் கொடுத்தது பறவைகளுக்கே. அக்காலத்து ஐரோப்பியப் பறவை நூல்களிற் பல, கப்பலேறி வந்த பதப்படுத்திய தோல்களைப் பார்த்து வரையப்பட்டவை. அத்தகைய தோலில் கண் இராது. காலின் நிறம் வெளுத்துவிடும். அலகின் ஓரத்துச் சதை சுருங்கிவிடும். வரைபவர் தாம் ஒருபோதும் காணாத கண்ணுக்குக் கண்ணாடி மணி போல ஒரு புள்ளி வைப்பார். தாம் காணாத நடைக்கு ஒரு நடையை இட்டுக்கட்டுவார். எலிசபெத் உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்தார். பறவை பிடிப்போர் கொண்டுவந்து தரும் பறவை கண்முன் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். இறகுகளின் அடுக்கு, காலின் செதில், கண்ணைச் சுற்றிய வளையத்தின் நிறம், அலகு தலையோடு பொருந்தும் இடம் ஆகியவற்றை அவர் பொறுமையாகக் கண்டு பதித்தார். பல பறவைகள் அவற்றின் இயல்பான உருவ அளவிலேயே பெரிய தாள்களில் எழுந்து நிற்கின்றன. பறவை ஓவியத்தின் பேரரசராக உலகம் போற்றும் அமெரிக்கர் ஆடுபன் தம் நூலை வெளியிடத் தொடங்கியது 1827-இல்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்னரே, சாந்தோம் கடற்காற்றில் இப்பெண்மணி இதைச் செய்துகொண்டிருந்தார். தங்கை மேரி மீன்களை வரைந்தார்.

ஆனால் பறவை எப்படி அவர் முன் வந்தது? கண்ணியில் சிக்கி வந்தது. அல்லது வலையில். காலில் கட்டோடு, சிறகை அடக்கிய ஒருவர் கையில், நெஞ்சு படபடக்க நின்றது. பிடிபட்ட பறவை இயல்பாக நிற்பதில்லை என்பது கோழி வளர்த்தோர் எல்லாருக்கும் தெரியும். ஓவியத்தில் நாம் காணும் நிமிர்ந்த கழுத்தும் அமைதியான கண்ணும், அச்சத்தால் ஒடுங்கிய ஓர் உயிரிடமிருந்து பெறப்பட்டவை. அழகு இங்கே, அதன் விலை அங்கே.

நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. ‘பார்வை’ என்றால் நோக்கு என்று இன்று அனைவரும் அறிவர். பழந்தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. காட்டில் மற்ற விலங்கையும் பறவையையும் வரவழைத்துப் பிடிப்பதற்காக வேட்டுவர் பழக்கிக் கட்டிவைக்கும் மானுக்கும் பறவைக்கும் ‘பார்வை’ என்றே பெயர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலேயே இப்பொருளில் அச்சொல் வருகிறது. காண்பதற்கும் கண்ணி வைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருந்த நம் முன்னோர் எதை நினைத்து அப்படிச் செய்தார்களோ, நாம் அறியோம். ஆனால் எலிசபெத்தின் முன் கட்டப்பட்டு நின்ற பறவையை எண்ணும்போது, அச்சொல்லின் இரு பொருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதை உணராமல் இருக்க முடியவில்லை.

நம்மை விலக்கிவைத்துக்கொண்டு இதைச் சொல்வதும் நேர்மையாகாது. சிறுவயதில் தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடாதார் நம்முள் எத்தனை பேர்? அதன் சிறகு கண்ணாடி போல மின்னுவதைக் கண்டு வியந்ததும் நாமே. அது சிறு கல்லைத் தூக்கத் தவித்ததைக் கண்டு கைகொட்டியதும் நாமே. வியப்பும் கொடுமையும் ஒரே பிள்ளைக் கையில், ஒரே நாழிகையில் இருந்தன. வளர்ந்தபின் நூலை விட்டுவிட்டோம். அதோடு தட்டானைப் பார்ப்பதையும் விட்டுவிட்டோம். இதில் எது பெரிய இழப்பு என்று நமக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

எலிசபெத்தின் பறவைகளைப் பிடித்துத் தந்தவர்கள் யார்? எந்தக் குளத்தங்கரையில் எந்தப் பறவை எந்த மாதம் இறங்கும் என்று அறிந்து, சிறகு ஒடியாமல் பிடித்து, உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது சாதாரணத் திறமையன்று. அவ்வறிவு இல்லையேல் அந்த ஓவியங்களும் இல்லை. ஆயினும் நாட்டுப் பறவை வேட்டுவரின் பெயரைச் சொல்லி அந்த ஓவியங்களை எவரும் அழைப்பதில்லை. இதற்கு நேர்மாறான ஒன்று கல்கத்தாவில் நடந்தது. அங்குத் தலைமை நீதிபதியாக இருந்த சர் எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே, 1777 முதல் தம் இல்லத்துப் பறவை விலங்குகளைப் பாட்னாவிலிருந்து வந்த ஓவியர்களைக் கொண்டு வரைவித்தார். அம்மையார் தூரிகை தொடவில்லை. ஆனால் ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் மூவரின் பெயர்களும் ஓவியங்களிலேயே நிலைத்துவிட்டன. கல்கத்தாவில் வரைந்தவரின் பெயர் எஞ்சியது. சென்னையில் பிடித்தவரின் பெயர் எஞ்சவில்லை. திருப்பருத்திக்குன்றத்து விதானத்தை எழுதியவருக்கும் நம்மிடம் பெயரில்லை. மண்டபம் கட்டிய அமைச்சருக்கு இருக்கிறது. காஞ்சிப் பட்டின் முந்தானையில் அன்னமும் மயிலும் இருதலைப் பட்சியும் பறக்கின்றன. கடைக்காரரின் பெயர் பெட்டியில் அச்சாகிறது, கோர்வை போட்டு நெய்தவர் பெயர் எங்கும் இல்லை.

இந்த இடத்தில் நம் மாவட்டங்களின் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. எலிசபெத் சென்னையில் கால் வைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னர், செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள வேடந்தாங்கல் மக்கள் ஆங்கிலேய ஆட்சியரிடம் ஒரு முறையீடு கொண்டு சென்றார்கள். தங்கள் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்துகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்பது முறையீடு. ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798-இல் அவர்களுக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார் என்பர். காஞ்சி வரதராசர் கோயிலுக்கு அணிகலன் அளித்தவர் என்று இன்றும் பேசப்படுபவர் இவரே. பின்னர் 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது.

வேடந்தாங்கல் உழவர்கள் பறவைகளை வரையவில்லை. அவற்றின் எலும்பையோ அலகையோ ஆராயவில்லை. நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் கடம்ப மரங்களில் அடைந்து எச்சமிட, அந்த எரு கரைந்த ஏரி நீர் வயலுக்குப் பாய்ந்து நெல் செழித்தது. பறவையைக் காத்ததில் தன்னலமும் கலந்தே இருந்தது. அதனாலென்ன? தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரே குழந்தைகளிடம் ‘கல் எறியாதே’ என்று சொல்லி வளர்த்தது. அண்டை வீட்டாரைப் பார்ப்பதுபோல அவர்கள் பறவைகளைப் பார்த்தார்கள். ஆட்சியரின் ஆவணம் பிறகுதான் வந்தது.

காஞ்சியைப் பற்றிப் பேசும்போது பட்டைத் தவிர்த்துவிட்டுக் கருணையைப் பேசுவது எளிது. அந்த எளிமையை நாம் எடுத்துக்கொள்ளலாகாது. பட்டு நூல் அறுபடாமல் நீள வேண்டுமானால், கூட்டுக்குள்ளிருக்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளிவரும் முன்னரே கொதிநீரிலோ ஆவியிலோ அதைக் கொன்றாக வேண்டும். ஒரு சேலைக்குள் இத்தகைய கூடுகள் ஆயிரக்கணக்கில் அடங்கியுள்ளன. காஞ்சி மகாப் பெரியவர் என்று மக்கள் போற்றிய சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் (1894-1994) இதை எண்ணியே பட்டைத் துறக்குமாறு தம்மவரிடம் மீண்டும் மீண்டும் வேண்டினார். பட்டுக்குப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு அப்படிக் கேட்டது எளிய செயலன்று. நம் வீட்டுத் திருமணங்களிலும் மணமகள் பட்டுடுத்தித்தான் பீடத்தின் முன் நிற்கிறாள். நெசவாளர் குடும்பங்களின் அடுப்பெரிவதும் அதனால்தான். இதை எழுதும் நாமும் பட்டைத் துறந்தவர்கள் அல்லோம்.

இந்தப் பட்டுப்புழுவிலிருந்துதான் இன்னொரு பெண்ணின் வாழ்க்கை தொடங்கியது. எலிசபெத்துக்கு நூறாண்டுகளுக்கும் முன்னர், ஜெர்மானிய நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் 1647-இல் பிறந்த மரியா சிபில்லா மெரியான், தம் 13-ஆம் வயதில், 1660-இல், பட்டுப்புழுக்களை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கினார். புழு பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூடு, பூச்சி என்று ஒரே உயிர் நான்கு கோலம் பூணுவதை அவர் பொறுமையாகப் பார்த்தார். அவை உண்ணும் செடியோடு சேர்த்தே வரைந்தார். 1679-இல் கம்பளிப்புழுக்களைப் பற்றிய நூலின் முதற்பகுதி வெளிவந்தது. 1699-இல், 52-ஆம் வயதில், தம் இளைய மகளை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பலேறினார். நோயுற்று 1701-இல் திரும்பினார். அங்குக் கண்டவை 1705-இல் பெருநூலாயின.

அந்நூலில் ஒரு பூ. நம் தெருவோரங்களிலும் தோட்டங்களிலும் செம்மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் மயில்கொன்றைதான் அது. அதை வரைந்த மெரியான், அதன் கீழ் ஒரு செய்தியையும் எழுதிவைத்தார். டச்சுத் தோட்ட முதலாளிகளிடம் அடிமைப்பட்ட பெண்கள், தங்கள் பிள்ளைகள் அடிமைகளாகப் பிறக்கலாகாது என்று அதன் விதையால் கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள். இதை அவர்களே தம்மிடம் கூறினார்கள் என்பது அச்செய்தி. அச்செயலை நம் திருச்சபை ஏற்பதில்லை. ஆயினும் அந்தத் தாய்மார்மீது தீர்ப்புச் சொல்லும் துணிவு நமக்கு வரவில்லை. அவர்களை அந்நிலைக்குத் தள்ளியவர்கள் ஞாயிறுதோறும் ஆலயம் சென்ற கிறிஸ்தவர்கள் என்பதை நினைத்தால் தலை கவிழ்கிறது. மெரியானுக்குக் காட்டில் வழி வெட்டியவர்களும் அடிமைகளே. பூவை உற்றுப் பார்க்கப் போன கண்ணில் மனிதரின் துயரமும் பட்டது. பட்டதை மறைக்காமல் எழுதினார். அடிமை முறையை எதிர்த்துப் போராடினாரா என்றால், இல்லை.

இவ்வாறு பார்த்தும், எழுதியும், வரைந்தும், பட்டியைத் திறவாதவர்களை எந்த அளவுகோலால் அளப்பது? தொடக்க நூலில் ஆண்டவர் உயிரினங்களை ஆதாமிடம் கொண்டுவருகிறார். அவன் என்ன பெயரிடுகிறான் என்று பார்ப்பதற்காக. அவற்றின்மீது மனிதனுக்குள்ள ஆட்சிக்கு அடையாளமாகவே இதைப் பலரும் விளக்கக் கேட்டிருக்கிறோம். நமக்கு அதில் வேறொன்றும் தென்படுகிறது. பெயரிட வேண்டுமானால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். காக்கைக்கும் குயிலுக்கும் வேறுபாடு காணாதவனால் பெயரிட இயலாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடல், நமக்குப் பயன்படுவதால் அன்றித் தன்னளவிலேயே ஒவ்வோர் உயிருக்கும் மதிப்புண்டு என்று வலியுறுத்துகிறது. கேட்கும்போது தலையசைக்கிறோம். ஆனால் ஒன்றின் முகத்தையே பார்த்தறியாதவன் அதன் மதிப்பை ஏற்பதாகச் சொல்வது, எழுதப் படிக்கத் தெரியாதவன் பத்திரத்தில் கையொப்பமிடுவது போலத்தான்.

எலிசபெத்தின் கடைசி ஆண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். சென்னை அரசாங்கத்தோடும் தலைமை நீதிபதியோடும் சர் ஹென்றிக்கு மோதல் முற்றியது. அவர் தாயகத்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ஆனால் அவரோடு கப்பலேற எலிசபெத் இல்லை. 1807 டிசம்பர் 21 அன்று, 44-ஆம் வயதில், சென்னையில் இறந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தூய மரியன்னை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஓவியங்கள் மட்டும் கடல் கடந்தன. நூலாக வெளிவரவில்லை, அறிஞர் எவரும் எடுத்துப் பார்க்கவில்லை, நூறாண்டுகளுக்கு மேல் எங்கோ கட்டுக்குள் கிடந்தன. 1924-இல் இலண்டனில் அவற்றைக் கண்டெடுத்தவர் கேசி வுட் என்னும் அமெரிக்கர். அவர் ஒரு கண் மருத்துவர். பறவைகளின் கண்ணமைப்பை ஆராய்ந்து நூல் எழுதியவர். கண்ணின் அருமை அறிந்தவர் கையில் அவை சிக்கியதைத் தற்செயல் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. இன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய 121 பறவை ஓவியங்கள் பாதுகாக்கப்படுகின்றன. சகோதரிகள் இருவரைப் பற்றியும் அறிஞர்கள் எழுதிய விரிவான நூலொன்று 2023-இல் வெளிவந்தது.

அந்தப் பறவைகளுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் கிடைக்கவில்லை. வரைந்து முடிந்தபின் எத்தனை பறந்து போயின, எத்தனை மடிந்தன என்று எந்தத் தாளும் சொல்லப்போவதில்லை. ஓவியம் அழகாக அமைந்துவிட்டது என்பதால் கண்ணியின் கணக்குத் தீர்ந்துவிடாது. எலிசபெத்தை நாம் புனிதராக்க வரவில்லை. அவர் ஆளும் இனத்தவர், நீதிபதியின் மனைவி, ஆட்களை ஏவிப் பறவை பிடிக்க வசதியுள்ளவர். ஆயினும் நாம் இவ்வளவு சொல்லத் துணிவோம்: நம்மில் பெரும்பாலோரைவிட அவர் அந்தப் பறவைகளுக்கு அண்மையில் இருந்தார். ஒரு கொக்கின் காலில் செதில் எப்படி அடுக்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் தம் நாளைக் கொடுத்தார். நாம் கொடுப்பதில்லை. பறவையைப் பிடிக்காத நம் கை தூய்மையானது என்று பெருமை கொள்கிறோம். அந்தக் கை ஏரியைத் தூர்த்து மனை போட்டிருக்கிறது. கண்ணி வைத்தவர் ஒன்றிரண்டைப் பிடித்தார். ஏறெடுத்துப் பாராத நாம் அவை இறங்குவதற்கு இடமே இல்லாமல் செய்துவிட்டோம்.

பார்த்தவர் காப்பவராகவும் ஆன ஒருவர் நமக்கு அண்மைக் காலத்தில் இருந்தார். தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, கோவையில் கரும்பு ஆராய்ச்சியில் பெயர் பெற்ற தாவரவியலார் ஜானகி அம்மாள். இங்கிலாந்தில் பணியாற்றிய காலத்தில் மக்னோலியாக்களை ஆய்ந்தார். ஒரு மக்னோலியா வகைக்கு அவர் பெயர் உண்டு. முதுமையில் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்குப் பலிகொடுக்கலாகாது என்று குரல் கொடுத்தார். காஞ்சிச் சாலையில் சென்னையை விட்டு வெளியேறும்போது மதுரவாயலைக் கடக்கிறோமே, அங்குள்ள ஆய்வுக்கூடத்தில்தான் அவருடைய இறுதிக் காலம் கழிந்தது, 1984-இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் மரங்களை அவர் பெயர் சொல்லி அழைக்க அறிந்திருந்தார். பெயர் அறியாத மரத்துக்காக எவர் வழக்காடப் போகிறார்கள்?

மண்டபத்தை விட்டு வெளியே வந்தோம். கோயிலின் பின்புறம் மேடை கட்டிய குரா மரம் ஒன்று நிற்கிறது. அது வளர்வதுமில்லை, குறைவதுமில்லை என்பது ஊராரின் நம்பிக்கை. அதன் தாழ்ந்த கிளையில் ஒரு சிறு பறவை அமர்ந்திருந்தது. குருவியைவிடச் சற்றே பெரியது. முதுகு பழுப்பு, அடிவயிறு வெளிறிய நிறம். எங்கோ ஒரு வீட்டிலிருந்து தறியின் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. நாம் அசையாமல் நின்றோம். அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் நம்மை நோக்கியது. பிறகு மதில் தாண்டிப் பறந்துவிட்டது.

பேருந்தில் திரும்பும்போது அதன் கால் என்ன நிறம் என்று நினைவுபடுத்திப் பார்த்தோம். நினைவில் இல்லை.